களமும் களஞ்சியமும்

ஏடுகளைப் படியெடுத்துக் காத்த மரபு நம்முடையது. ஒரே படியாக எஞ்சிய நூல்கள் பல கறையானுக்கும் நெருப்புக்கும் இரையாயின. அவ்வேடுகளையே மின்னுருவாக்கிக் கணிப்பொறியில் சேமிக்கும் இந்நாளிலும் அப்பாடம் மாறவில்லை. 2011 பிப்ரவரியில், மென்பொருட் பிழையொன்றால் ஜிமெயில் பயனாளர் சிலரின் அஞ்சல்கள் மறைந்தபோது, கூகுள் நிறுவனம் அவற்றை மீட்டது காந்த நாடாக்களிலிருந்தே.

நாடாவுக்கு ஓர் இயல்புண்டு. அது தடையின்றி ஓடவேண்டும். 2021இல் வெளிவந்த எல்.டி.ஓ. ஒன்பதாம் தலைமுறைக் கருவி நொடிக்கு 400 மெகாபைட் வரை எழுத வல்லது. வலைப்பின்னல் வழியே சிறுசிறு கோப்புகளாக வரும் தரவு அவ்வேகத்திற்கு ஈடுகொடுப்பதில்லை. கருவி தன் வேகத்தை ஓரளவே குறைத்துக்கொள்ளும். தரவின் வரத்து அதற்கும் கீழே மெலிந்தால், நாடா நின்று, பின்னோக்கிச் சென்று, மீண்டும் ஓடத் தொடங்கும். காலமும் வீணாகும், நாடாவும் தேயும்.

இக்குறையைப் போக்கவே திண்மநிலைச் சேமிப்பகம் எனும் எஸ்.எஸ்.டி.யை இடையில் வைக்கின்றனர். பல கணிப்பொறிகளின் தரவு முதலில் அதில் குவிந்து, பின்னர் ஒரே சீராக நாடாவிற்குச் செல்கிறது. சுழலும் வட்டாயின், ஒரே வேளையில் எழுதவும் படிக்கவும் அதன் முனை அங்குமிங்கும் அலையவேண்டும். அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி.க்கு அவ்வலைச்சல் இல்லை. இது போற்றத்தக்க ஏற்பாடே.

ஆயினும், இடைத்தங்கலையே இறுதி இருப்பிடமாகக் கொள்ளும் மயக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. எஸ்.எஸ்.டி.யில் எழுதுவதற்கு ஓர் எல்லையுண்டு. நாள்தோறும் நிரப்பி அழிக்கும் பணி அவ்வெல்லையை விரைந்து நெருங்கச் செய்யும். தரவு அதில் மின்னேற்றமாகவே தங்குவதால், மின்சாரமின்றிக் கிடப்பின் மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முடிந்த நிறுவனத்தர எஸ்.எஸ்.டி., மின்னிணைப்பின்றி 40 பாகை செல்சியஸில் 3 மாதம் தரவைக் காத்தால் போதும் என்பதே ஜெடெக் தரவிதி. மேலும், அமைப்போடு இணைந்தே இருப்பதால், மூலத்தைத் தாக்கும் கேடு அதனையும் தாக்கக்கூடும். கழற்றித் தனியே வைத்த நாடாவிற்கு அவ்வச்சமில்லை.

எனவே, தரவு நாடாவில் ஏறி, படித்துச் சரிபார்க்கப்பட்ட பின்னரே ‘காப்புப்படி முடிந்தது’ எனப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது எம் கருத்து. எஸ்.எஸ்.டி.யின் தேய்மானத்தையும் அவ்வப்போது கண்காணித்து, எல்லை எட்டுமுன் மாற்றவேண்டும். நூலகங்களும் கல்லூரிகளும் இதனைக் கடமையாகக் கொள்வது நன்று. களத்தில் குவிந்த நெல் களஞ்சியம் சேர்ந்த நெல்லாகிவிடாது. இடையே ஒரு மழை போதும்.