பங்குக் கணக்கில் திடீர் நஷ்டமா?

கேள்வி: "மஞ்சள் விற்ற பணத்தில் 2021-ல் 24,000 ரூபாய்க்கு 20 டாடா ஸ்டீல் பங்குகள் வாங்கினோம். பங்குக் கணக்குப் பார்க்கும் செயலி ஒன்றில் மகன் அதைப் பதிந்தபோது, 87 சதவிகிதம் நஷ்டம் என்று காட்டுகிறது. மிச்சப் பணத்தையாவது காப்பாற்ற விற்றுவிடலாமா?"
- வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: அவசரப்பட்டு விற்க வேண்டாம். 2022 ஜூலையில் அந்த நிறுவனம் 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கை, 1 ரூபாய் முகமதிப்புள்ள 10 பங்குகளாகப் பிரித்தது. 100 கிலோ மூட்டையை 10 கிலோ பைகளாகக் கட்டியதுபோலத்தான் இது. பையின் விலை குறையும், சரக்கு குறையாது. வாசகரின் டீமேட் கணக்கில் இப்போது 200 பங்குகள் இருக்க வேண்டும். பங்கு விலை 150 ரூபாய் என்றால் மதிப்பு 30,000 ரூபாய். செயலியோ 20 பங்கை 150-ஆல் பெருக்கி, 3,000 ரூபாய் என்கிறது. பழைய பங்குகளைக் கையால் பதியும்போது, பிரிப்பு, போனஸ் இரண்டையும் செயலி தானாகச் சேர்க்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அழகான வரைபடமெல்லாம் அப்புறம்.

எண்ணிக்கையைச் சரிபார்க்க, சி.டி.எஸ்.எல் அல்லது என்.எஸ்.டி.எல் மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை போதும். வேறு வேறு தரகர்களிடம் உள்ள பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் அதில் ஒரே இடத்தில் இருக்கும். பான் எண்தான் அதைத் திறக்கும் கடவுச்சொல். பங்கு வாங்கிய விலைக்கு, தரகர் கொடுத்த கான்ட்ராக்ட் நோட்டைப் பார்க்க வேண்டும்.

லாபத்தைச் செயலி எப்படிச் சொல்கிறது என்பதிலும் கவனம் தேவை. மேற்படி கணக்கில் 25 சதவிகிதம் லாபம் என்று பச்சை நிறத்தில் காட்டும். 4 ஆண்டுக்குக் கூட்டு வளர்ச்சி முறையில் கணக்கிட்டால், டிவிடெண்ட் நீங்கலாக, ஆண்டுக்கு 6 சதவிகிதம்கூட வராது. ஆண்டுக் கணக்கில் வருமானம் காட்டாத செயலியால் பெரிய பயன் இல்லை.

கணக்குப் பார்க்க மட்டும் பயன்படும் செயலிக்கு, தரகர் கணக்கின் கடவுச்சொல்லோ ஓ.டி.பி-யோ டி-பின்னோ தேவையே இல்லை. பங்கை விற்க அனுமதி தருவதற்கானது டி-பின். அதைக் கேட்கும் செயலியை உடனே நீக்கிவிடலாம். நான்கைந்து பங்குகள்தான் என்றால், வரவு-செலவு நோட்டில் ஒரு பக்கமே தாராளம். தேதி, எண்ணிக்கை, விலை, பிரிப்பு, டிவிடெண்ட் என்று ஐந்து கட்டம் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.