சித்திர வாத்தியாரும் கம்ப்யூட்டரும்

"பொத்தானைத் தட்டினால் படம் வருகிறது. இனிப் பிள்ளைகளுக்குப் பென்சிலும் தூரிகையும் எதற்கு?" என்று ஒரு கூட்டம் கேட்கிறது. "யந்திரம் தொட்டால் கலை செத்துவிடும். கிராமத்துப் பிள்ளை பரம்பரைக் கைவேலையோடு இருக்கட்டும்" என்கிறது இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்துக்குச் சித்திர வாத்தியாரின் சம்பளம் மிச்சம். இரண்டாவது கூட்டத்துக்கு மலிவான கூலியாள் கிடைப்பான். இரண்டையும் நாம் ஏற்கவில்லை.

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியைப் பாருங்கள். முந்தானையில் மயில் வேண்டுமென்றால் முதலில் அதைக் கையால் வரைய வேண்டும். பிறகு கட்டத்தாளில் ஏற்ற வேண்டும். தாளின் ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். அதன்படி அட்டையில் துளையிட்டு, அட்டைகளைக் கோத்து ஜக்கார்டில் மாட்டினால் சேலையில் மயில் இறங்கும். துளை உண்டு, துளை இல்லை, இரண்டே சங்கதி. கம்ப்யூட்டரின் பாஷையும் இதுதானே!

இது தற்செயலல்ல. பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1804ல் ஜக்கார்டு உருவாக்கிய யந்திரத்தின் அட்டையைப் பார்த்துத்தான், இங்கிலாந்தின் பாபேஜ் கணக்குப் போடும் யந்திரத்துக்குத் திட்டம் தீட்டினார். 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் வைத்திருந்தார். 1890ல் அமெரிக்காவின் ஜனத்தொகையையே துளையட்டையில் எண்ணினார்கள். ஆகவே கம்ப்யூட்டர் நெசவாளிக்கு அந்நியச் சரக்கல்ல. (அதே லியோனின் பட்டு நெசவாளிகள் 1831ல் கூலி விகிதத்துக்காகக் கிளர்ந்தெழுந்ததைப் பாடப்புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை.)

இன்று காஞ்சியில் கட்டத்தாளின் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. வாரக்கணக்கான வேலை நாள்கணக்கில் முடிகிறது. வரவேற்கிறோம். ஆனால் சரிகை எங்கே பிணையாமல் நெடுக மிதந்து விரலில் மாட்டும், மயிலின் கழுத்து வளைவு எங்கே படிக்கட்டாகக் கோணும் என்பது தறியில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். அவன் பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் வரையத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? தறியையே காணாத ஒருவர் பட்டணத்தில் டிசைன் போடுவார். அது கடைமுதலாளியின் பெட்டிக்குள் போய்ச் சேரும். நெசவாளிக்கு அட்டையும் கூலியும் மட்டும்.

வயல் வேலைக்குப் போகுமுன் வாசலில் புள்ளிக் கோலமிடும் நம் பெண்களின் விரலிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தின் இலக்கணத்தைக் கம்ப்யூட்டர் விஞ்ஞானமாகவே ஆராய்ந்து 1974ல் கட்டுரை எழுதினார்கள். அந்தத் தாயின் மகள் பள்ளிக்கூடத்தில் கோலத்தை முதலில் தாளில் வரைந்து, பிறகு திரையில் திருப்பியும் மடக்கியும் பார்த்தால், சித்திரமும் வரும், கணிதமும் வரும்.

சொல்லிக் கொடுக்க ஆள் எங்கே? 2012ல் தமிழக சர்க்கார் சித்திரம், உடற்பயிற்சி, கம்ப்யூட்டர் முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய்! பிறகு சில ஆயிரங்கள் கூட்டினார்கள், அதுவும் போராடிய பிறகு. அரைநாள் வாத்தியார் தூரிகை பிடிக்கக் கற்பிப்பாரா, கம்ப்யூட்டருக்கும் அழைத்துப் போவாரா? தனியார் பள்ளியில் பணம் கட்டும் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் கிடைக்கிறது.

பணமில்லை என்ற சாக்கு செல்லாது. கிரிட்டா, இங்க்ஸ்கேப் போன்ற சித்திர மென்பொருள்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் இத்தகைய இலவச மென்பொருளைக் கொண்டே பாடம் நடத்துகின்றன. 2018ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் சங்கங்களில் பிள்ளைகள் தாங்களே அசையும் படங்கள் செய்கிறார்கள்.

ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் முழுநேரச் சித்திர ஆசிரியர் வேண்டும். கம்ப்யூட்டர் அறையில் சித்திரத்துக்கென்று வாரந்தோறும் நேரம் ஒதுக்க வேண்டும். நெசவு ஊர்களில் தறி அறிந்த முதியவர்களை, கூலி கொடுத்து, வகுப்புக்கு அழைக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாளில் ஆலை ஷிப்டையும் களத்துமேட்டு வேலையையும் அனுசரித்து நாம் நேரில் போய் உட்காருவோம். நம் ஊர்ப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறை மாதத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்று முதலில் கேட்போம்.