கட்டணத்தைச் சொல்பவர்கள் சம்பளத்தையும் சொல்லட்டும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நமது பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். தனியார் கல்வி நிறுவனங்களின் விளம்பரங்கள் அரைப்பக்கம், முழுப்பக்கம் என்று விரிந்து கிடக்கும். ஊடகத்துறைப் பட்டம், ஊடக டிப்ளோமா, ஒலிவாங்கியுடன் சிரிக்கும் ஓர் இளம்பெண்ணின் படம். கட்டணத்தைத் தவணைமுறையில் செலுத்தலாம் என்ற வரி கொட்டை எழுத்தில் இருக்கும். படித்து முடித்தவர் மாதம் என்ன உழைப்பார் என்பது மட்டும் எந்த எழுத்திலும் இராது.

பரந்தனில் ஒரு தந்தை என்னிடம் நேரடியாகவே கேட்டார். "ஐயா, இதைப் படிச்சு முடிச்சால் பிள்ளை மாதம் எவ்வளவு எடுப்பாள்?"

இந்தக் கேள்வியை அற்பமானதாகக் கருதும் வழக்கம் நமது துறையில் உண்டு. பத்திரிகை ஒரு தொண்டு, சம்பளத்தைப் பார்ப்பவன் வேறு வேலைக்குப் போகட்டும் என்று மேடைகளில் முழங்குவோரை முப்பது வருடங்களாகக் கேட்டு வருகிறேன். அவர்களுள் அநேகர் ஆசிரியத் தொழிலிலோ அரச உத்தியோகத்திலோ ஓய்வூதியத்தை உறுதிசெய்துகொண்டு, ஓய்வு நேரத்தில் எழுதியவர்கள். வேறு வருமானம் உள்ளவனுக்குத் தொண்டு செய்வது எளிது.

அந்தத் தந்தையின் கேள்வியில் அற்பம் எதுவுமில்லை. கடன் என்றால் என்னவென்று வன்னிக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2009இன் பின்னர் மீள்குடியேறிய இந்த மண்ணை ஏ-9 வீதியால் விரைந்து வந்தடைந்தவர்களுள் லீசிங் கம்பனிக்காரரும் நுண்கடன்காரரும் அடங்குவர். கிழமைக் கடன் கட்ட இயலாமல் பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்து, 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

ஆகவே கணக்கைப் பார்ப்போம். அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. கன்னங்கரா 1940களில் பெற்றுத்தந்த இலவசக் கல்வியின் புண்ணியம் அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் ஊடகக் கற்கைகளைப் பயிலலாம். பரந்தனிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர். மகாபொல மாதப் பணத்தில் அறை வாடகையும் சாப்பாடும் அடங்காது. எனினும் வீட்டார் எப்படியோ சமாளித்துவிடுவர்.

சிக்கல், வெட்டுப்புள்ளியைச் சொற்பத்தில் தவறவிட்ட பிள்ளைக்குத்தான். அரச சார்பற்ற நிறுவனங்களில் பட்டம் பயில்வோருக்கென 2017இல் அரசாங்கம் வட்டியில்லாக் கடன் திட்டத்தைத் தொடங்கியபோது, ஒருவருக்கு எட்டு இலட்சம் ரூபா வரை என்றார்கள். வட்டி இல்லை என்பது உண்மை. முதல் இருக்கிறதே! எட்டு இலட்சத்தை எட்டு ஆண்டுகளில் கட்டுவதாக வைத்துக்கொண்டால் மாதம் 8,333 ரூபா. 2026 ஜனவரி முதல் தனியார் துறையில் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம் கழிந்தால் 27,600. கடன் தவணையும் போனால் கையில் மிஞ்சுவது 19,267 ரூபா. இதிலேதான் பஸ், பெற்றோல், தொலைபேசி, சாப்பாடு எல்லாம்.

இதுவும் நியமனக் கடிதம் பெற்ற அலுவலகச் செய்தியாளரின் கதை. வன்னியில் செய்தி சேகரிப்பவர்களுள் பெரும்பாலானோர் பிரதேச நிருபர்கள். பிரசுரமான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்பதே அவர்களின் கூலி. சேமலாப நிதி கிடையாது. மோட்டார் சைக்கிளும் கமராவும் அவர்களுடையவை. அவற்றின் தவணையும் அவர்களுடையதே.

புலம்பெயர்ந்த உறவினர் சிலர் "இங்கேயும் பிள்ளைகள் கடனில்தான் படிக்கிறார்கள்" என்பார்கள். இங்கிலாந்தில் 2023 ஓகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியவர், ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய தொகையில் ஒன்பது வீதம் கட்டினால் போதும். நாற்பது ஆண்டுகளில் மிச்சம் தள்ளுபடி. அங்கே கடன் வருமானத்துக்காகக் காத்திருக்கிறது. இங்கே தவணைத் திகதி எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

விளைவு என்ன? படித்தவர்கள் துறையில் நிற்பதில்லை. 2020இல் அரசாங்கம் பட்டதாரிப் பயிலுநர்களைச் சேர்த்தபோது மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. ஊடகம் கற்றவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தத் தெரிந்த, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஆவணம் வாசிக்கத் தெரிந்த ஒருவர், செய்தி எழுதாமல் பிரதேச செயலகத்தில் கோவை கட்டிக்கொண்டிருக்கிறார். நட்டம் அவருக்கு மட்டுமா?

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். முதலாம் நாள் செய்தி. நூறாம் நாள் செய்தி. ஆயிரமாவது நாளும் செய்தி. இடைப்பட்ட நாட்களில் அந்தத் தாய்மாரிடம் போயிருந்து ஒவ்வொரு கோவையாகக் கேட்டுப் பதிவுசெய்யும் நிருபருக்கு யார் கூலி கொடுப்பது? துண்டுக்குக் கூலி பெறுபவன் துண்டுச் செய்திதான் தருவான். தவணைக் கடனும் தலையில் இருந்தால், அரசியல்வாதி ஏற்றிச்செல்லும் வாகனத்தையும் நீட்டும் உறையையும் மறுக்கும் வலு அவனுக்கு எத்தனை மாதம் இருக்கும்?

இந்தியாவில் பத்திரிகையாளர் ஊதியத்துக்கென 1955இல் தனிச்சட்டமே இயற்றினார்கள். அதன் வழியே வந்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை 2014இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. முதலாளிகள் ஒப்பந்த நியமனங்களைக் காட்டி நழுவினார்கள் என்பது வேறு கதை. வழக்காட ஒரு தொகையாவது எழுத்தில் இருந்தது.

அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 2015 முதல் பட்டதாரிகளின் வருமானத்தையும் கடனையும் கல்லூரி வாரியாக இணையத்தில் வெளியிடுகிறது. எவரும் தேடிப் பார்க்கலாம். அவ்வளவு பெரிய ஏற்பாட்டை நான் இங்கே கேட்கவில்லை. ஊடகக் கற்கைநெறிக்கு விளம்பரம் செய்யும் நிறுவனம், சென்ற முறை முடித்தவர்களில் எத்தனை பேர் ஊடகத்தில் இருக்கிறார்கள், என்ன சம்பளம் என்று இரண்டு வரி சேர்க்கட்டும். அந்த விளம்பரத்துக்குக் காசு வாங்கும் பத்திரிகையும் அதே பக்கத்தின் ஓரத்தில், தான் ஒரு புதிய நிருபருக்கு என்ன கொடுக்கிறது என்று அச்சிடட்டும். ஒரு பெட்டிச் செய்திக்குள் அடங்கிவிடும்.