கால்வாசிக் காற்று

புயல் என்றால் கடலூர்க்காரர்களுக்கும் நாகப்பட்டினத்துக்காரர்களுக்கும் உரியது என்று பாலாற்றங்கரையில் இருக்கும் நாம் நெடுநாள் நம்பி வந்திருக்கிறோம். ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை டேனரியையும் ஷூ கம்பெனியையும் வைத்துப் பிழைக்கும் ஊர்கள் நம்முடையவை. வெயில் நமக்குத் தெரியும், தண்ணீர்ப் பஞ்சம் தெரியும். காற்றைப் பற்றி நாம் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரையைக் கடந்தது. அதை டிவியில் பார்த்து, பாவம் கடலோர ஜனங்கள் என்று சொல்லிக்கொண்டோம். கரையேறிய புயல் வலுவிழந்தபடி நம் பக்கமாகத்தான் வந்தது.

காற்றின் வேகம் பாதியானால், அது ஒரு சுவரைத் தள்ளும் விசை பாதியாக அல்ல, கால்வாசியாகக் குறைந்துவிடும். நிவர் கரை தொட்டபோது காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. நூறு கிலோமீட்டருக்கு மேல் தரையில் உரசிக்கொண்டு வந்த பிறகு நமக்குக் கிடைப்பது மிச்சக் காற்றுதான். அந்த மிச்சத்துக்கே நம்மிடம் ஷீட்டு பறக்கிறது, கம்பம் சாய்கிறது, மரம் வேரோடு விழுகிறது என்றால், அவையெல்லாம் காற்று வருவதற்கு முன்பே விழத் தயாராக இருந்தவை. அப்படி விட்டு வைத்தவர்கள் நாம்.

மரத்தை எடுத்துக்கொள்வோம். வாசலில் சேறு ஆகக்கூடாது என்று வேப்பமரத்தின் அடிவரை சிமென்ட் பூசினோம். வேர் மூச்சுவிட இடமில்லை, பரவவும் இடமில்லை. கால்வாய் தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டிப் போட்டதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். ஏரிக்கரைப் பனைகள் காற்றுக்கு வளைந்து கொடுத்துக் கரையையும் பிடித்து நின்றவை. அவை செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் போனபோது நம்மில் யாரும் வண்டியை மறித்ததில்லை, அந்தக் கல்லில்தான் நாம் வீடும் கட்டினோம். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. ஒரு மரத்தைக் காப்பாற்ற ஆட்சியர் வரை போக வேண்டிய நிலைக்கு அதை ஊர்தான் கொண்டுவந்து விட்டது.

காற்றைவிட அதன் பின்னால் வரும் மழை நம்மை அதிகம் சோதித்திருக்கிறது. 2021 நவம்பர் 19 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று கரையேறியது. புயல் என்று பெயர்கூட வைக்கப்படாதது. அன்று பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள், நான்கு பேர் குழந்தைகள். அந்த நாட்களில் பாலாறு கரை புரண்டு ஓடியது. நாம் பாலத்தில் நின்று செல்போனில் படம் பிடித்தோம். ஊறிய சுவர் உடனே விழாவிட்டாலும், மழை விட்டு வெயிலடித்த பிறகு விழலாம் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். ஆனாலும் நம் தெருவில் எந்தச் சுவர் வெடித்திருக்கிறது, அதை ஒட்டி யார் படுக்கிறார்கள் என்று நாம் நடந்து பார்த்ததில்லை. அடுத்த வீட்டு விஷயம், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டோம்.

மறதியும் நமக்குப் புதிதல்ல. 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியில் ஏறத்தாழ இருநூறு பேரைக் கொண்டுபோனது. அதற்கு நினைவுக் கல்கூட அந்த ஊரில் நிற்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேரை அதன் முன்னால் நிறுத்திச் சொல்லியிருக்கிறோம்? ஆறு வறண்டு கிடந்த வருஷங்களில் அது ஆறு என்பதையே மறந்து, மணலை அள்ளினோம், குப்பையைக் கொட்டினோம், கரையை ஒட்டி மனை வாங்கினோம். தோல் கழிவு அதில் கலந்தபோதும் வேலை போய்விடுமோ என்று வாய் மூடி இருந்தோம். 1996இல் அந்தக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் அதே பயம்தான். பயம் நியாயமானது, சம்பளம் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் 2015 ஜனவரி 31 அன்று, மழையோ காற்றோ இல்லாத நேரத்தில், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களை நம் ஊர்க்காரர்களாக நாம் எண்ணாததால்தான் அந்தச் சாவை இத்தனை சீக்கிரம் கடந்துபோனோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த எண்ணம் என்னிடமும் இருந்தது.

கஷ்டம் வந்துவிட்டால் நாம் நல்லவர்கள்தான். கரண்ட் இல்லாத நாளில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர் தெருவுக்கே செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுப்பார். விழுந்த மரத்தை வெட்ட இளைஞர்கள் கூடிவிடுவார்கள். கல்யாண மண்டபம் திறக்கும், பெரிய அண்டாவில் சோறு வேகும், யார் என்ன ஜாதி, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. ஷூ கம்பெனியில் பகலெல்லாம் நின்று தைத்துவிட்டு வந்த பெண்கள் முகாமில் வந்து பரிமாறுவார்கள். கரண்ட் வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். பறந்த ஷீட்டைத் தேடி எடுத்து அதே கூரையில் போட்டு, மேலே நாலு கல்லை வைக்கிறோம். அடுத்த காற்றில் ஷீட்டோடு கல்லும் யார் தலையிலாவது விழும். கொக்கிப் போல்ட்டும் வாஷரும் போட்டு முடுக்க ஆகும் செலவு பெரிதில்லை.

இவ்வளவையும் நாம்தான் விட்டோம் என்பதாலேயே இதில் பாதியை நாமே சரிசெய்துவிட முடியும். ஐப்பசிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜமாத்தும் கோயில் கமிட்டியும் சர்ச்சும் சேர்ந்து தெருத்தெருவாக நடக்கலாம், கூடவே ஒரு கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு. வெடித்த சுவரை ஒட்டிப் படுப்பவர்களின் கட்டிலை முதலில் நகர்த்தலாம், சுவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மரத்தடிச் சிமென்டை உடைக்க ஒரு கடப்பாரை போதும். மாவட்ட அவசர எண் 1077, மின்சார வாரியத்தின் மின்னகம் 94987 94987 இரண்டையும் தெருமுனைச் சுவரில் பெயின்டில் எழுதலாம். அறுந்த கம்பியைத் தொடாதே, பக்கத்தில் போகாதே என்று அதற்குக் கீழே தமிழிலும் உருதுவிலும் எழுதி, வாடகை அறைகளில் இருக்கும் வடக்கத்தித் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் வங்காளத்திலும் எழுத வேண்டும். அந்த எழுத்துக்கு ஆள் வெளியே தேட வேண்டியதில்லை, அந்த அறைகளிலேயே இருக்கிறார்கள்.