எல்லோரும் 'யூ'தானா?

யொரூபா படம் பார்த்திருக்கிறீர்களா? நைஜீரியாக்காரர்கள் எடுப்பது. குன்லே அஃபோலயனின் 'அனிகுலபோ' (2022) நெட்ஃபிளிக்ஸில்கூட வந்தது.

நம்மைப் போலவே யொரூபாவிலும் மரியாதை உண்டு. 'ஒ' என்றால் நீ. 'எ' என்றால் நீங்க. வயதில் பெரியவரை 'ஒ' போட்டுப் பேசினால் சண்டைதான். ஆங்கில சப்டைட்டிலில் இரண்டுமே 'யூ'! பெரியவர் ஏன் முறைக்கிறார் என்று நமக்கு எப்படிப் புரியும்?

'ஆங்கிலத்தில் வழியில்லையே' என்பார்கள். ஏன் இல்லை? பணிவுக்கு ஒரு 'சார்', திமிருக்கு ஒரு 'ஏய் கிழவா' போடலாமே! யோசிக்க ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பி.காம். படித்தவன் சொல்கிறேன். தயாரிப்பாளர்களே, சப்டைட்டிலைச் சில்லறைச் செலவில் எழுதாதீர்கள், முதலீட்டில் எழுதுங்கள். மொழி தெரியாமல் காசு கொடுத்துப் பார்க்கிற எனக்கு அந்த இரண்டு வரிதான் வசனம்!