அசதிச் செயலிகளுக்கும் உரைகல் வேண்டும்

டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்புகிறவர் அன்றைய மீதிப் பொழுதைப் படுக்கையிலேயே கழிக்கிறார். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து மாதங்கள் கடந்த பிறகும் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கியதும் தளர்ந்து உட்கார்ந்துவிடும் பெண்கள் இருக்கிறார்கள். தூங்கி எழுந்தாலும் தீராத அசதி இது. “எந்நேரமும் படுத்தே கிடந்தா எப்படி?” என்று வீட்டில் கேட்கிறார்கள். “ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தான்” என்று மருத்துவமனையில் அனுப்பிவிடுகிறார்கள். நோயாளியின் கை கைபேசியைத் தேடிப் போவதில் வியப்பென்ன?

அசதியைக் குறைப்பதாகச் சொல்லும் கைபேசிச் செயலிகளை ஒட்டுமொத்தமாக ஏளனம் செய்வது அறியாமை. புற்றுநோய் அசதிக்காக நெதர்லாந்தில் உருவான ‘அன்டயர்’ செயலியை 799 பேரைக் கொண்டு சோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். 12 வாரங்களில், செயலி கிடைத்தவர்களின் அசதி மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தது. இடையிலேயே விலகிப்போனவர்களும் ஏராளம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அசந்து கிடப்பவருக்குக் கேள்விகளை நிரப்புவதும் ஒரு வேலைதானே!

சிக்கல், சோதிக்கப்படாத செயலிகளிடம் இருக்கிறது. நீடித்த அசதி உள்ளவர்களில் சிலருக்கு, குறிப்பாக கோவிட்டுக்குப் பின் முடங்கியவர்கள் பலருக்கு, சக்திக்கு மீறி உழைத்தால் அதன் விளைவு ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். இன்று மாடியேறித் துணி உலர்த்தியவர் நாளை மறுநாள் எழுந்திருக்க முடியாமல் போகலாம். இவர்களுக்குத் தேவை, “போதும், இப்போதே உட்காருங்கள்” என்று சொல்லும் கருவி. சாதாரண உடற்பயிற்சிச் செயலியோ நேற்றைவிட இன்று அதிகம் நடக்கச் சொல்கிறது. இலக்கைத் தொடாவிட்டால் இடித்துரைக்கிறது. நாள்பட்ட அசதி நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பு 2021-லேயே அறிவுறுத்திவிட்டது. அந்தச் சேதி செயலிக் கடைகளை எட்டவில்லை போலும்.

ஜெர்மனி இதற்கு வழி கண்டிருக்கிறது. 2019-இல் இயற்றிய சட்டப்படி அங்கே மருத்துவர் மருந்துச் சீட்டில் செயலியை எழுதித் தரலாம். பணத்தைக் காப்பீடு கட்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களின் அசதிக்கான ‘எலெவிடா’ அப்படி எழுதித் தரத்தக்க செயலிகளின் பட்டியலில் ஏறியது. அதில் நிலைத்திருக்கப் பயனை நிரூபிக்க வேண்டும், தரவுப் பாதுகாப்பிலும் தேற வேண்டும்.

இந்தியாவிலும் மருத்துவ நோக்குள்ள மென்பொருள் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வந்துவிட்டது. ஆனால், ‘நலவாழ்வு’ என்று முத்திரை குத்திக்கொண்டால் நழுவிவிடலாம் என்கிற இடைவெளி இருக்கிறது. நோயைப் பெயர் சொல்லி அசதியைக் குறைப்பதாக விளம்பரம் செய்யும் எந்தச் செயலியும் மருந்துக்குரிய சோதனையைச் சந்திக்க வேண்டும். மாதவிடாய், தூக்கம், மனச்சோர்வு எனக் கேட்டு வாங்கும் விவரங்களை யாருக்கும் விற்பதில்லை என்பதை அது தெளிவான தமிழில் சொல்ல வேண்டும்.

தமிழக அரசுக்கும் வேலை இருக்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தரச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அசதியைப் பற்றியும் அவர்கள் இரண்டு கேள்வி கேட்கட்டும். குரலிலேயே தமிழில் பதில் சொல்லக்கூடிய, சோதித்துப் பார்த்த ஒரு செயலியை அரசே தரட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அசதி உண்டு.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அசதிக்குக் காரணமாகக்கூடிய ரத்தசோகை இருக்கிறது. எனவே செயலியைத் தேடும் முன் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, இவற்றில் அசதி தருவது எது என்று கேளுங்கள்.