யாருடைய பொழுதுபோக்கு?

வீட்டில் பீர் வடிக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1978இல் வழிவிட்டது. பொழுதுபோக்காக வடித்துவந்த கென் கிராஸ்மன் 1980இல் சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார், முன்னோடி என்கிறார்கள். அதே 1978இல், ஆஸ்திரேலியாவில் பீர் வடிப்பை முறையாகப் படித்துத் தேறிய கிரண் மஜும்தார், பெண் என்பதால் இந்திய ஆலைகள் கதவடைக்க, பெங்களூரில் நொதி தயாரிக்கப் போனார்.

பெரும்பாணாற்றுப்படையை வகுப்பில் நடத்துகிறேன். அதில் கள் சமைப்பவர்கள் பெண்கள். இடைக்கால இங்கிலாந்திலும் ஏல் வடித்து விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்களே. மூலதனம் பெருகியதும் தொழில் ஆண்கள் கைக்குப் போயிற்று.

நாம் அடுப்படியில் செய்தால் கடமை. அவர்கள் கொல்லையில் செய்தால் பொழுதுபோக்கு, பிறகு நிறுவனம். குடி நல்லதா என்பது வேறு வழக்கு. கைப்பக்குவம் நம்மிடம் என்றும் இருந்தது. பொழுதும் முதலும்தான் மறுக்கப்பட்டன. தோழியரே, அவற்றைக் கேட்போம்.